மூன்றாவது காகிதம்

பிரிண்ட் இத்தாவின் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற ஒரு சொல்லை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மலையாளத்தில் 'அதே' என்றும் சொல்லமாட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு பாஷையையும் கலந்தடித்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். ஒன்றில் சொல் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் எடுத்துக்கொள்வோம். இவருக்கு மட்டும் அந்த ஒரு சொல் இரண்டிலுமே கிடையாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, "மழையா இத்தா?" என்று கேட்டால், கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நனையுது" என்பார். சாயா வேணுமா என்றால், "கொண்டா, பார்க்கலாம்" என்பார். வந்த சாயாவை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுவார், அது வேறு விஷயம்.

அவர் தொழில் அப்படி. பழைய வண்டியைப் பேர் மாற்றவோ, பதிவைப் புதுப்பிக்கவோ ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறவர்கள், வண்டியின் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவில் எண் வெள்ளையாக எழும்பி வரும். அதற்குப் பெயர் பிரிண்ட். ஆபீஸ் வாசலில் ஒரு ஏஜென்டின் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் அதை எடுத்துக் கொடுத்தவர் அவர். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். அதனால் ஊருக்கெல்லாம் அவர் பிரிண்ட் இத்தா. சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ரேஷன் கார்டுல என்னமோ எழுதியிருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் தட்டம் என்கிற முக்காட்டுத் துணி, தோளில் ரெக்ஸின் பை. பைக்குள் மண்ணெண்ணெய்த் துணி, பழைய பல் பிரஷ், ஒரு பக்கமாகவே தேய்ந்துபோன பென்சில்கள், டைப்பிஸ்டுகள் வைத்திருப்பார்களே அந்த மெல்லிய தாள். லாரி என்றால் அட்டையை விரித்து அடியில் படுத்துவிடுவார். முதலில் அழுக்கைத் துடைப்பார், பிறகு பிரஷ் போடுவார், அதற்குப் பிறகுதான் காகிதம். தேய்க்கும்போது எண்ணோடு நிறுத்தமாட்டார். சுற்றிலும் நான்கு விரல் ஓரம் விட்டு, பக்கத்து இரும்பையும் சேர்த்துத் தேய்ப்பார். "நம்பர் மட்டும் போதுமே இத்தா" என்று டிரைவர்கள் அவசரப்படுத்துவார்கள். அதெல்லாம் அவர் காதில் விழாது.

எல்லாவற்றையும் மூன்று முறை எடுப்பார். "ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு ஓனருக்கு, ஒண்ணு எனக்கு." அந்த மூன்றாவது காகிதத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய டைரிகளில் பசை போட்டு ஒட்டி, கீழே வண்டி நம்பரை எழுதி வைத்துக்கொள்வார். எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "கண்ணால பார்த்ததுக்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன் தம்பி. தேய்ச்சதுக்குச் சொல்லுவேன்" என்றார். உத்தரவாதம் கேட்டு யாராவது வந்தார்களா என்று கேட்டதற்குப் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பழம்பொருள் என்றால் பாதி பழசு, மீதி நாங்கள் பழசாக்கியது. புது மரப்பெட்டியைத் தேயிலைத் தண்ணீரில் குளிப்பாட்டி, உடைந்துபோன ஏதோ ஒரு பெட்டியின் பித்தளைத் தகட்டைப் பிடுங்கி இதில் அறைந்து, "இருநூறு வருஷம் சார்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இத்தா கடைக்குள் வந்தார். வெளிநாட்டுத் தம்பதி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். இத்தா பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். தகட்டின் மேல் வைத்துத் தேய்த்தார்.

"தகடு பழசு தம்பி," என்றார். "ஆணி புதுசு."

தமிழில்தான் சொன்னார். ஆனாலும் என் முகம் மொழிபெயர்த்துவிட்டது போலிருக்கிறது. அவர்கள் சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வாரம் நான் இத்தாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவரால் சங்கடப்பட்டது நான் மட்டுமில்லை. நாங்கள் குடியிருக்கும் செர்ளாயில், எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு எவர்சில்வர் அண்டாவைப் பற்றிச் சண்டை வந்தது. கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வரவில்லை. கொடுத்தவர்கள் தங்களுடையது என்று காட்டிய அண்டாவில் வாங்கியவர்களின் பெயர் வெட்டியிருந்தது. வாய்ச்சண்டை முற்றித் தலைமுடியைப் பிடிக்கப் போகும் நிலையில், அந்த வழியாகப் போன இத்தாவை யாரோ கூப்பிட்டார்கள். அவர் அண்டாவின் விளிம்பில் காகிதத்தை வைத்துத் தேய்த்தார். வெட்டியிருந்த பெயருக்கு அடியில், மழுங்கத் தேய்த்து அழித்த இன்னொரு பெயர் மங்கலாக எழும்பி வந்தது. அதை வாசித்துக் காட்டவோ, 'இவங்களோடதுதான்' என்று சொல்லவோ இல்லை. ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அண்டா உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்களுமே அதற்குப் பிறகு இத்தாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் மகளுக்கு ஆலுவாவிலிருந்து ஒரு வரன் வந்தபோது, தரகர் பையனைப் பற்றி வானளாவப் புகழ்ந்தாராம். நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, தங்கமான குணம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இத்தா, "தேய்ச்சுப் பார்த்தீங்களா?" என்றாராம். கடைசியில் அந்தப் பையனுக்குத்தான் கொடுத்தார். இப்போது அந்த மகளோடுதான் ஆலுவாவில் இருக்கிறார். பையன் எப்படி என்று போன மாதம்கூட போனில் கேட்டேன். "இதுவரைக்கும் ஒண்ணும் எழும்பி வரல" என்றார்.

இனி காருக்கு வருகிறேன்.

என் அப்பா மிளகு ஏற்றுமதி செய்த ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவருக்கு ஒரு இங்கிலீஷ் கார் இருந்தது. பச்சை நிறம், நீளமான மூக்கு, இரண்டே சீட்டு, மேலே கூரை இல்லை. வியாபாரத்தை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, அதை அப்பாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஒவ்வொருவராக அதில் ஏற்றி, ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைவரை கொண்டுபோவார். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். ரோட்டில் போகும்போது அப்பா பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். என்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா கால் ஒடிந்து ஆறு மாதம் படுத்துவிட்டார். எழுந்து வந்து காரை எடுத்தவர், தெருமுனைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். "இது என் வண்டி இல்ல. குரல் வேற" என்றார். அவர் படுத்திருந்தபோது வண்டியைப் பார்த்துக்கொண்டது என் சித்தப்பா. "ஆறு மாசம் சும்மா கிடந்த வண்டி அண்ணா, குரல் கம்மாம என்ன செய்யும்?" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் காரை பஜார் ரோட்டில் ஒரு இஞ்சிக் கிடங்கின் பின்புறம் செங்கல் வைத்து ஏற்றிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

சித்தப்பா காலமான மறு வருஷம் எனக்கு அந்தக் காரைச் சரிசெய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை என்பதைவிட அப்பாவுக்காக என்று சொல்வதுதான் சரி. அவருக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை செர்ளாய் முக்கில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். என் மனைவியை என் அம்மாவின் பெயரால் கூப்பிட்டிருக்கிறார். டாக்டரிடம் கொண்டுபோனோம். "நடக்காததை நடந்ததா அடிச்சுப் பேசுறாரா? அப்படி ஏதாவது இருந்தா ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டு வாங்க" என்றார் டாக்டர். பழைய விஷயங்களில் கையை வேலைசெய்ய விட்டால் நல்லது என்றும் சொன்னார். காரும் சரியாகும், அப்பாவும் சரியாவார் என்று நான் கணக்குப் போட்டேன்.

பள்ளுருத்தியில் பழைய கார்களை எடுத்துச் செய்யும் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "பாடி பார்க்கலாம் சேட்டா. ஆனா இந்த மாதிரி காருல முதல்ல பார்க்கிறது என்ஜின். கூடப் பிறந்த என்ஜின்தானான்னு தெரியணும். அப்பத்தான் எந்த சாமான் வரவழைக்கிறதுன்னு முடிவு பண்ண முடியும்" என்றார். இங்கிலாந்தில் அந்தக் கார்களின் பழைய ஏடுகளை வைத்திருப்பவர்களுக்கு எழுதினோம். இந்த சேசிஸில் ஏறிய என்ஜினின் நம்பர் இது என்று பதில் வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போய், பானெட்டைத் திறந்து, என்ஜினின் பக்கவாட்டில் அறைந்திருந்த சின்னப் பித்தளைத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

"அப்பா, பாருங்க! ஒரிஜினல்!"

அப்பா எட்டிப் பார்த்தார். தகட்டைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இரும்பில் விரலை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிக்கொண்டே இருந்தார். "நம்பர் என்னோடதுதான்," என்றார். "என்ஜின் என்னோடது இல்ல."

"நம்பர்தானேப்பா என்ஜின்?"

"இல்லடா."

அதற்குப் பிறகு தினமும் இதே பேச்சு. சாப்பிடும்போதும் இதே, படுக்கும்போதும் இதே. தனியாகக் கிளம்பிக் கிடங்குக்குப் போய், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது. டாக்டருக்கு எழுதிய லிஸ்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: 'என்ஜின் மாறிவிட்டது என்கிறார். ஆதாரம் காட்டினாலும் ஒப்புக்கொள்வதில்லை.' கிடங்குச் சாவியையும் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தேடினார். தொலைந்திருக்கும் என்றேன். தொலைத்தது தான்தான் என்று அவர் நம்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதிவைப் புதுப்பிக்கப் பிரிண்ட் வேண்டியிருந்தது. இத்தாவைக் கிடங்குக்கு அழைத்து வந்தேன். அப்பாவும் கூட வந்து, ஒரு இஞ்சி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். இத்தா அவரைப் பார்த்து, "சுகம்தானா அண்ணாச்சி?" என்றார். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அதனால் அப்பாவை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். இத்தா துடைத்தார், பிரஷ் போட்டார், முதல் காகிதத்தை எடுத்தார். இரண்டாவதை எடுக்கும்போது நான் குனிந்து, அவர் காதருகில் அப்பாவின் நிலையைச் சொன்னேன்.

"எதை மறந்தாராம்?" என்றார், தேய்த்துக்கொண்டே.

"மறக்கிறதைக்கூட விடுங்க இத்தா. இல்லாததைச் சொல்றார். என்ஜின் மாறிடுச்சுன்னு ஒரே பிடியா நிக்கிறார். டாக்டருக்குக்கூட எழுதிக் குடுத்திருக்கேன். சாவியையும் வாங்கி வச்சுட்டேன்."

பென்சில் நின்றுவிட்டது.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"வேற என்ன செய்யறது?"

அவர் மூன்றாவது காகிதத்தை எடுக்கவில்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை. பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டார். சாயா வந்துகொண்டிருந்தது. அதற்கும் நிற்காமல் வெளியே போய்விட்டார். பிரிண்டுக்கு என்ன ஆயிற்று என்று நான் பின்னாலேயே ஓடிக் கேட்டதற்கு, "நாளைக்குக் கடைக்கு வரேன்" என்றார்.

மறுநாள் நான் கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் இரண்டு தடித்த டைரிகள். உள்ளே வந்து, நான் 'இருநூறு வருஷம்' என்று சொல்லும் ஒரு மேஜையின் மேல் இரண்டையும் விரித்து வைத்தார்.

"இது உன் அப்பா பேருக்கு வண்டி மாறினப்போ நான் எடுத்தது. இது, அவர் கால் ஒடிஞ்சு கிடந்தப்போ, பதிவு புதுக்க உன் சித்தப்பா கொண்டுவந்தப்போ எடுத்தது. பாரு."

பார்த்தேன். இரண்டிலும் அதே நம்பர். அதைத்தான் அப்பாவிடம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரியாத்தானே இத்தா இருக்கு?"

"நம்பரைப் பார்க்காதே. ஆணியைப் பாரு."

தகட்டை அறைந்திருந்த இரண்டு ஆணிகளின் தலைகளும் காகிதத்தில் வட்டமாக விழுந்திருந்தன. முதல் காகிதத்தில் முழு வட்டம். இரண்டாவதில் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. வேறு ஆணி. இன்னொன்றும் இருந்தது. முதல் காகிதத்தில் தகட்டுக்குக் கீழே, இத்தா ஓரம் விட்டுத் தேய்த்த இடத்தில், வெட்டிய நகத்துண்டு மாதிரி ஒரு வளைந்த கீறல். இரண்டாவதில் அந்த இடம் மொழுமொழு என்று இருந்தது.

தகடு பழசு, ஆணி புதுசு. என் கடையிலேயே, என் முகத்துக்கு நேராக இவர் சொன்ன வார்த்தை. தகட்டைப் பிடுங்கிப் பெட்டி மாற்றுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான், ஒரு தகட்டை நம்பி என் அப்பாவை லிஸ்டில் எழுதியிருக்கிறேன்.

இத்தா நின்றபடியே சொன்னார். சித்தப்பா ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஆலுவாவரை ஓட்டியிருக்கிறார். திரும்பும் வழியில் என்ஜின் சூடாகி, இறுகி நின்றுவிட்டது. பதிவு முடியும் நாள் நெருங்கிவிட்டது, அண்ணன் எழுந்து வரும் நாளும் நெருங்கிவிட்டது. அப்போது தெரு நிறைய அம்பாசடர் டாக்சிகள். இந்தக் காரின் என்ஜினும் அதே வம்சம்தான். ஒரு பட்டறையில் கொடுத்து, டாக்சி என்ஜினை ஏற்றி, பழையதில் இருந்த இரட்டை கார்புரேட்டரை இதில் மாட்டி, தகட்டையும் பெயர்த்து இதில் அறைந்து வாங்கிவிட்டார்.

"தேய்க்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் சித்தப்பா அந்த ஆபீஸ் வாசல்ல கையெடுத்துக் கும்பிட்டார் தம்பி. அண்ணனுக்குத் தெரிஞ்சா அவர் முகத்துல முழிக்க முடியாது, நான் உயிரோட இருக்கிறவரைக்கும் சொல்லாதீங்க இத்தான்னு. நானும் சரின்னுட்டேன். ஆபீஸ்ல கேட்டது நம்பர், நான் குடுத்தது நம்பர். ஆணியப் பத்தி யாரும் கேக்கல."

இரண்டாவது டைரியை மூடினார்.

"உன் அப்பா கேட்டார். எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் கோலூணிக்கிட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். தங்கச்சி, உன் கைபட்ட வண்டியாச்சே, இது என் என்ஜின்தானா, நீ சொன்னா நம்புறேன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நம்பர் மாறல அண்ணாச்சின்னேன். பொய் சொல்லல. ஆனா அவர் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"சித்தப்பா போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சொல்லியிருக்கணும்," என்றார். "செங்கல் மேல ஏத்திட்டார், மறந்துட்டார்னு நினைச்சேன். அது தப்பு."

பழைய என்ஜின் எங்கே போயிற்று என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பாவே சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் அதைச் சரிசெய்து, கும்பளங்கியில் ஒரு செம்மீன் கெட்டுக்கு, அதாவது இறால் வளர்க்கும் குட்டைக்கு, தண்ணீர் இறைக்கக் கொடுத்துவிட்டாராம். நம்பர் இல்லாத என்ஜின் வண்டிக்கு உதவாது. தண்ணீர் இறைக்க நம்பர் எதற்கு?

இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் கும்பளங்கிக்குப் போனோம். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அதைத் தான்தான் சொல்ல வேண்டும் என்று இத்தா தடுத்துவிட்டார். சும்மா காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வரப்பின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை. இத்தா விசாரித்ததும் கெட்டுக்காரர் சிரித்தார். "அந்த என்ஜினோ? கரண்ட் மோட்டார் வந்தப்புறம் அது கோழிக்குத்தான் உபயோகம். எடுத்துக்கோங்க சேட்டா, எனக்கு எடம் கிடைக்கும்" என்றார். தார்ப்பாயை விலக்கினார். படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்டைத் தலைமுதல் கால்வரை பூசிக்கொண்டு, கோழி எச்சத்தோடு அது உட்கார்ந்திருந்தது.

அப்பா வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பத்தடி தள்ளித்தான் நின்றார். இத்தா மண்ணெண்ணெய்த் துணியை எடுத்ததும் அங்கிருந்தே சொன்னார்:

"தகடு இருந்த எடத்துக்குக் கீழ பாரு தங்கச்சி. ஒரு காயம் இருக்கும். முதலாளி காலத்துல என் சுத்தியல் நழுவிப் பட்டது."

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கிடங்கில் அவர் விரலால் தடவித் தடவித் தேடியது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதையும் நான் லிஸ்டில் எழுதியிருந்தேன், மூன்றாவது வரியாக. 'காரணமில்லாமல் என்ஜினைத் தடவுகிறார்.'

பெயின்ட் தடிமனாக இருந்தது. துணியால் போகவில்லை, பிரஷ்ஷால் கொஞ்சம் போயிற்று. இத்தா தட்டத்தில் குத்தியிருந்த பின்னை எடுத்து, பெயின்டைக் கிளறினார். ஒரு துளை திறந்தது. இரண்டங்குலம் தள்ளி இன்னொன்று. கீழே வளைந்த கீறல் ஒன்று பளிச்சென்று வெளியே வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. காகிதத்தை வைத்தார். பென்சிலைச் சாய்த்து, ஓரம் விட்டு, நிதானமாகத் தேய்த்தார். பிறகு முதல் டைரியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்திருந்த பழைய காகிதத்தை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஆணித் தலைகள் துளைகளின் மேல் உட்கார்ந்தன. கீறல் கீறலோடு பொருந்திற்று.

அவர் எழுந்து, வரப்பில் ஏறி, அப்பாவின் எதிரே போய் நின்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க."

"கேட்டேன்."

"இன்னொரு தடவை கேளுங்க."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கமாட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இது என் என்ஜினா தங்கச்சி?"

"ஆமா," என்றார் இத்தா. "ஆமா அண்ணாச்சி. வண்டியில இருக்கிறது இல்ல, இதுதான். நீங்க அன்னைக்குச் சந்தேகப்பட்டது சரி."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். ஆனால் அப்பாவுக்கு வாய் மட்டும் குறையவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "நீ எப்பச் சொல்லுவேன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"உங்க தம்பிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்த மாதிரி ஆகிப்போச்சு அண்ணாச்சி."

"அவனா?" அப்பா கொட்டகையைப் பார்த்தார். "தண்ணி பார்க்காம ஓட்டியிருப்பான், மடையன். என்கிட்ட வந்து சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டுட்டு, நானே பிரிச்சுக் கட்டியிருப்பேன்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இத்தா இன்னொரு பிரிண்ட் எடுத்தார். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார், ஒன்றை என்னிடம் கொடுத்தார். மூன்றாவதற்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் பென்சிலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? சொல்லியாச்சே."

வஞ்சிப் படகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, நான்கு பேர் பிடித்து என்ஜினை டெம்போவில் வைத்தார்கள். அதைப் பிரித்து, கழுவி, சாமான் வரவழைத்துக் கட்டும் வேலை இன்றைக்கும் கிடங்கில் நடந்துகொண்டிருக்கிறது. அப்பா வழி மறக்கிறார், மாத்திரையை மறக்கிறார், எந்த போல்ட் எந்த டப்பாவில் என்பதை மட்டும் மறப்பதில்லை. பள்ளுருத்தி மெக்கானிக் அவரைக் கேட்காமல் ஒரு நட்டைத் திருகுவதில்லை. டாக்டரிடம் போய் அந்த இரண்டு வரிகளையும் நானே அடித்துவிட்டு வந்தேன். பழைய ஆணித் துளைகளில் தகட்டைத் திரும்ப அறையும் நாளில் இத்தா ஆலுவாவிலிருந்து வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். போனில் கூப்பிட்டேன். "பார்க்கலாம்" என்றார். அப்படியென்றால் வருவார்.

அன்றைக்கு டெம்போ கிளம்பும்போது, அப்பாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. பின்னால் ஏறி, என்ஜினுக்குப் பக்கத்தில், அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் பையிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "தொலைஞ்சு போகலப்பா. நான்தான் எடுத்து வச்சிருந்தேன்."

அப்பா சாவியை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என் சாவிதானா?"

"ஆமாம்ப்பா," என்றேன்.